வாட்ச் வைத்து, அல்லது கார் கம்பெனி அல்லாத வேறொருவர் செய்த வெளி ஆப் வைத்து எலெக்ட்ரிக் காரைத் திறப்பது நம்பகமானதா?

திறக்கலாம். நானே ஒரு வருடத்துக்கு மேல் அப்படித் திறந்திருக்கிறேன். ஆனால் உங்கள் வாட்ச் எந்த வழியாகக் காரோடு பேசுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை மட்டும் நம்பி வெளியே போகாதீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் 2023 கோடையில் கலிஃபோர்னியாவின் பெஸ்கடெரோ கடற்கரையில் அப்பாவோடு பூட்டிய காருக்கு வெளியே நின்றது நினைவுக்கு வந்துவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நீங்கள் புதிதாகக் கார் வாங்கியிருப்பீர்கள், காலையில் ஓடப் போகும்போது போனைச் சுமந்துகொண்டு போவது தொல்லையாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், டெஸ்லா தொழிற்சாலை இருக்கும் ஊர். கையில் இருப்பது டெஸ்லாவின் 2019 மாடல் 3 கார், அதுவும் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. (பணக்காரன் பிரச்சினை என்று கருத்து எழுதப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவும். இங்கே எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் இந்தக் கார்தான் இருக்கிறது.) அந்தக் காருக்குச் சாவி என்று தனியாக எதுவும் கையில் தருவதில்லை. போன்தான் சாவி, ப்ளூடூத் வழியாகப் பேசும். கூடவே ஏடிஎம் கார்டு அளவில் ஓர் அட்டை. டிரைவர் பக்கக் கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் அதை வைத்தால் திறக்கும்.

அப்போது டெஸ்லாவுக்கென்று சொந்த வாட்ச் செயலி கிடையாது. ஆகவே வேறு ஒருவர் செய்த ஆப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, டெஸ்லா கணக்கை அதில் இணைத்தேன். லேக் எலிசபெத்தைச் சுற்றி ஓடப் போகும் நாட்களில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன். வாட்ச்சிலேயே கதவைத் திறந்து, வண்டி ஓட்டவும் அதிலேயே அனுமதி கொடுத்துவிடலாம். ஒரு தடவை கூடத் தகராறு செய்யவில்லை. அதனால்தான் அவ்வளவு நம்பிவிட்டேன்.

அந்தக் கோடையில் அப்பா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். எழுபத்து மூன்று வயது, சர்க்கரை உண்டு. ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார், ஒன்பதரைக்குக் கிளம்பினோம். மனைவிக்கு அன்று வேலை, வரவில்லை. பெஸ்கடெரோவில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம், போனோடு நான் விலகியதும் கார் தானாகப் பூட்டிக்கொண்டது. பசிபிக் கடலைப் பார்த்து அப்பா அப்படியே நின்றுவிட்டார், அவரைப் பாறையோரம் படம் எடுக்கக் குனிந்தபோது எதிர்பாராத ஓர் அலை முழங்கால் வரை ஏறி வந்தது. அவர் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் போன் கைநழுவித் தண்ணீரில் விழுந்துவிட்டது. அந்தப் போன் தண்ணீர் புகாததுதான். அலை அதைக் கொண்டே போய்விட்டது.

பரவாயில்லை, வாட்ச் இருக்கிறதே என்றுதான் காருக்குத் திரும்பினேன். செல்லுலார் வசதி உள்ள வாட்ச், அதாவது போன் பக்கத்தில் இல்லாமலே தானாக மொபைல் இணைப்பு எடுத்துக்கொள்ளும். ஆப்பைத் திறந்தேன், திரையில் என் காரின் சின்னப் படம், கீழே பூட்டு. அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி நின்று, மறுபடி பூட்டுப் படமே வந்தது. பதினைந்து தடவையாவது அழுத்தியிருப்பேன். அந்தக் கரையோரம் எனக்குச் சிக்னலே இல்லை.

நான் ஒரு வருடமாக யோசிக்காத விஷயம் இதுதான். அந்த ஆப் காரோடு நேராகப் பேசவில்லை. என் வாட்ச் இணையம் வழியாக அவர்கள் சர்வருக்குச் சொல்லும், அது டெஸ்லா சர்வருக்குச் சொல்லும், அங்கிருந்து காருக்குள் இருக்கும் மோடத்துக்குப் போகும், கார் தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்ப இன்னும் சில நொடிகள். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கதவு திறக்காது. காரிலிருந்து இரண்டடி தூரத்தில் நான் நிற்கிறேன் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

“அட்டை எங்கே போச்சு?” என்று கேட்பீர்கள். பர்ஸில் இருந்தது. பர்ஸ் காருக்குள். மணலில் நடக்கப் போகிறோம் என்று எடுத்து வைத்திருந்தேன். அப்பாவின் சால்வை, புளியோதரை டப்பா, மாத்திரைப் பை எல்லாம் பின் சீட்டில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்துகொண்டிருந்தன. கடற்காற்று நல்ல குளிர். ஜூலை மாதத்திலும் அந்தக் கரை அப்படித்தான் இருக்கும். பன்னிரண்டரை மணி வாக்கில் அப்பாவின் விரல்கள் லேசாக நடுங்க ஆரம்பித்தன. காலையில் மாத்திரை போட்டவர், அடுத்த வேளை சாப்பாடு தள்ளிப் போகிறது, சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மன்னார்குடி வீட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்தே விமானம் ஏறியவர் அவர். அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பக்கத்தில் இருந்த ஒரு மெக்சிகக் குடும்பம்தான் காப்பாற்றியது. நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்து, ஆரஞ்சு ஜூசும் வாழைப்பழமும் கொடுத்தார்கள், பத்து நிமிடத்தில் நடுக்கம் நின்றது. அவர்களில் ஒரு பையன் ஊருக்குள் போய், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணான என் மனைவியின் எண்ணுக்குப் பேசினான். அவள் உடனே தன் போனில் டெஸ்லாவின் சொந்தச் செயலியைத் திறந்து அங்கிருந்தே கதவைத் திறக்கப் பார்த்திருக்கிறாள். முடியவில்லை. நான் நின்ற இடத்தில் காருக்கும் சிக்னல் இல்லை. கடைசியில் வீட்டில் இருந்த இரண்டாவது அட்டையை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் காரில் சான் மட்டேயோ பாலம் தாண்டி, ஹாஃப் மூன் பே நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது மணி மூன்று. அட்டையைத் தூணில் வைத்தாள், அரை நொடியில் திறந்தது.

காரின் மேல் எனக்குக் குறையில்லை. ப்ளூடூத்துக்கும் அட்டைக்கும் இணையமே வேண்டாம், அவை இரண்டும் எப்போதும் போல வேலை செய்யத் தயாராக இருந்தன. அந்த ஆப்காரர்களைக்கூட நான் மோசடி என்று சொல்லவில்லை. “உங்களுக்கும் காருக்கும் சிக்னல் இருந்தால்தான் இது வேலை செய்யும்” என்று வாங்கும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் இதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் போனில் என் இந்திய சிம்மும் இருந்தது. கார் கதவு மூன்று மணிக்குத் திறந்துவிட்டது, அந்த சிம்மை மீட்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. புது சிம் வேண்டுமென்றால் நேரில் வா என்றார்கள். வங்கியில் எண்ணை மாற்றலாம் என்றால் பழைய எண்ணுக்கு ஓடிபி வரும் என்றார்கள். அப்பாவின் மருத்துவக் காப்பீட்டுத் தவணையைக் கட்ட மச்சினனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்குப் போன் தொலையவே தொலையாது என்று யார் முடிவு செய்தது?

சரி, கேள்விக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் டெஸ்லாவே ஆப்பிள் வாட்ச்சுக்குச் செயலி கொண்டுவந்துவிட்டது. அதில் வாட்ச்சையே ப்ளூடூத் சாவியாகப் பதிவு செய்துகொள்ளலாம், போனும் வேண்டாம் இணையமும் வேண்டாம். இப்போது நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். ப்ளூடூத் சாவியாகப் பதிவாகும் வெளி ஆப்களும் உண்டு, அவை வேறு ரகம். வேறு கம்பெனிக் கார் என்றால் ஆப்பிளின் கார் சாவி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 2020இல் பிஎம்டபிள்யூவில் ஆரம்பித்தது, ஐபோனிலும் ஆப்பிள் வாட்ச்சிலும் வேலை செய்யும், இணையம் தேவையில்லை.

வெளி ஆப் என்றால் இன்னொரு பயமும் நியாயமானது. உங்கள் கணக்கின் டோக்கன், அதாவது பாஸ்வேர்டு இல்லாமலே கணக்கைத் திறக்கும் டிஜிட்டல் அனுமதிச் சீட்டு, அவர்களிடம் இருக்கிறது. 2022 ஜனவரியில் டேவிட் கொலம்போ என்ற 19 வயது ஜெர்மானியர், 13 நாடுகளில் 25க்கு மேற்பட்ட டெஸ்லாக்களைத் தன்னால் தூரத்திலிருந்தே திறக்க முடிகிறது என்று சொன்னார். ஓட்டை டெஸ்லாவில் இல்லை. டெஸ்லாமேட் என்ற வெளி மென்பொருளை உரிமையாளர்கள் பாதுகாப்பில்லாமல் நிறுவியிருந்ததில் டோக்கன்கள் வெளியே தெரிந்தன. அதற்காக ப்ளூடூத் சாவியை ஏமாற்றவே முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே வருடம் மே மாதம் என்சிசி குழுமம் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்து ஆய்வாளர்கள், தூரத்தில் இருக்கும் சாவியின் ப்ளூடூத் அலையை இடையிலிருந்து கார் வரை கொண்டுசேர்த்து மாடல் 3ஐத் திறந்து காட்டினார்கள். ஆகவே எந்த வழியில் திறந்தாலும், ஓட்டுவதற்கு முன் நான்கு இலக்க எண் கேட்கும் வசதியைப் போட்டுவையுங்கள். நான் போட்டிருக்கிறேன்.

உங்கள் வாட்ச் எந்த ரகம் என்று தெரிய ஒரே ஒரு சோதனை போதும். போனை வீட்டில் வைத்துவிட்டு, அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சிக்னல் கிடைக்காத ஒரு அடித்தளப் பார்க்கிங்குக்குக் காரை ஓட்டிப் போங்கள். இறங்கிப் பூட்டுங்கள். பிறகு வாட்ச்சை மட்டும் வைத்துத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், அந்த அட்டை இனி பர்ஸில் வேண்டாம், நீங்கள் போட்டிருக்கும் துணியில் இருக்கட்டும்.