அந்தக் காட்சி எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: வீடியோ கையில் இருக்கிறது, வேண்டிய இடம் மட்டும் அகப்படவில்லை. பாம்பனில் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து பிழைப்பு நடத்துகிற எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"அக்கா, என் கல்யாண வீடியோ மூன்றரை மணி நேரம். ஒரே ஃபைல். தாத்தா பந்தியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிற காட்சி ஒன்று அதில் உண்டு. தாத்தா இப்போது இல்லை. அப்பத்தாவுக்கு அதைக் காட்டவேண்டும். போனில் வீடியோவின் கீழே ஓடுகிற கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன், சிக்கவே மாட்டேன் என்கிறது." – வாசகி, தங்கச்சிமடம்

முதலில் போனை ஓரமாக வை தங்கச்சி. மூன்றரை மணி நேரம் என்றால் 12,600 வினாடி. போனில் அந்தக் கோடு ஏழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும் என்று வைத்துக்கொள். ஒரு மில்லிமீட்டருக்கு மூன்று நிமிடம்! விரல் நுனி லேசாக நகர்ந்தாலே ஒரு பந்தி முடிந்து அடுத்த பந்தி வந்துவிடும். போதாததற்கு இன்னொன்றும் உண்டு. வீடியோ ஃபைலில் எல்லாப் படமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. சில வினாடிக்கு ஒன்றுதான் முழுப் படம். நடுவில் இருப்பவை முந்தின படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். முழுப் படத்துக்குத்தான் கீஃபிரேம் என்று பேர். கோட்டை இழுத்துவிடும்போது பல பிளேயர்கள் பக்கத்துக் கீஃபிரேமில் போய் நின்றுகொள்ளும். நீ விட்ட இடம் ஒன்று, அது நிற்கிற இடம் ஒன்று.

கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திற. கன்ட்ரோலோடு வலது அம்பை அழுத்தினால் ஒரு நிமிடம் தாவும். ஆல்ட்டோடு அழுத்தினால் பத்து வினாடி, ஷிப்டோடு அழுத்தினால் மூன்று வினாடி. நேரம் தெரிந்தால் கன்ட்ரோல் 'டி' அழுத்தி நேரத்தை அடித்து அங்கேயே போய் நிற்கலாம். காட்சிக்குப் பக்கத்தில் வந்தபின் 'ஈ' எழுத்தைத் தட்டினால் படம் படமாக நகரும்.

எங்கிருந்து தாவத் தொடங்குவது? உன் புடவையைப் பார். கோயில் புடவையா, சாயங்கால வரவேற்புப் புடவையா என்று பார்த்தாலே பாதி வீடியோ கழிந்துவிடும். தாத்தா பெரியவர், அநேகமாக முதல் பந்தியில் உட்கார வைத்திருப்பார்கள். மேஜையில் விரித்த பேப்பர் ரோல் ஈரம் படாமல் வெள்ளையாக இருந்தால் அதுதான் முதல் பந்தி. கேமராக்காரர்கள் வரிசையின் ஒரு கோடியில் தொடங்கி இலை இலையாக நகர்ந்து போவார்கள். பக்கத்து இலையில் யார் உட்கார்ந்தார் என்று ஞாபகம் இருந்தால் அவரைக் கண்டுபிடித்தாலே போதும், தாத்தா அடுத்த சில வினாடியில் வந்துவிடுவார்.

இவ்வளவுக்கும் கிடைக்காவிட்டால் நான் செய்கிற ஒரு வேலை சொல்கிறேன். இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். எஃப்எஃப்எம்பெக் என்று ஒரு இலவச மென்பொருள், கட்டளையை எழுத்தில் அடித்துக் கொடுத்தால் வேலை செய்யும். நிமிடத்துக்கு ஒரு படம் என்று வீடியோவிலிருந்து எடுத்து, கட்டம் கட்டமாக அடுக்கித் தரும். உன் வீடியோவுக்கு 210 படம் வரும். ஒரு வரிசைக்கு ஐந்து, ஒரு தாளுக்கு ஆறு வரிசை. ஆக ஒரு வரிசை ஐந்து நிமிடம், ஒரு தாள் அரை மணி, மொத்தம் ஏழு தாள். நான்காம் தாளில் இரண்டாம் வரிசையில் மூன்றாவது கட்டம் என்றால் 97, 98 நிமிடம் வாக்கில் என்று விரல்விட்டுச் சொல்லிவிடலாம். எழுதிக் கொடுக்கும் கட்டளை பழகாதவர்கள் எம்பிசி-எச்சி பிளேயரில் முயலலாம். அதன் ஃபைல் மெனுவிலேயே சிறுபடங்களைச் சேமிக்க வழி இருக்கிறது. எத்தனை வரிசை என்று நாமே சொல்லலாம், முழு வீடியோவுக்கும் ஒரே தாளாக வரும்.

அந்தத் தாள்களை ஏ4-இல் பிரிண்ட் எடுத்து அப்பத்தா மடியில் வை. மவுஸ் பிடிக்கத் தெரியாத பெரியவர்கள் தாளில் விரல் வைத்துக் காட்டுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பெருவிரல் நகத்தளவு படத்தில் "இது என் கொழுந்தன் முதுகு" என்பார்கள். எந்த மென்பொருளும் முதுகைப் பார்த்துக் கொழுந்தன் என்று சொல்லாது. அவர்கள் காட்டக் காட்டப் படத்தின் கீழே பேனாவால் பேரை எழுதிக்கொண்டே வா.

கிடைத்த நேரங்களை எம்கேவி டூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் சாப்டராக, அதாவது தொட்டால் அங்கேயே தாவுகிற, தலைப்புப் போட்ட குறியாகப் போட்டுவிடலாம். அதில் சாப்டர் எடிட்டர் என்று ஒரு பக்கம் உண்டு. நேரத்தையும் தமிழிலேயே தலைப்பையும் அடித்துச் சேமித்து, வீடியோவோடு சேர்த்தால் புது ஃபைல் வரும். படத்தின் தரம் துளியும் குறையாது. அதற்குப் பிறகு விஎல்சியில் சாப்டர் பட்டியலைத் திறந்து "முதல் பந்தி – தாத்தா" என்று தொட்டால் போதும்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எடிட் செய்யும்போது எந்த இடத்தில் தாலி, எந்த இடத்தில் மொய் என்று உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அப்போதே பத்துப் பன்னிரண்டு சாப்டர் போட்டுக் கொடுத்துவிடுங்கள். ட்ரோன் ஷாட்டுக்குச் செலவழிக்கிற நேரத்தில் கால்வாசிகூட ஆகாது. அந்தக் குடும்பம் வருஷக்கணக்கில் உங்களை வாழ்த்தும்.

"அண்ணனின் நிக்காஹ் டிவிடி எங்களிடம் இருந்தது. ரிமோட்டில் 'அடுத்தது' அழுத்தினால் பகுதி பகுதியாகத் தாவும். வாப்பாவுக்காகக் கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றினோம். இப்போது தாவவில்லை, முதலிலிருந்தே ஓட்டவேண்டியிருக்கிறது." – வாசகி, கீழக்கரை

டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். படம் இருப்பது விஓபி ஃபைல்களில். எந்த நேரத்தில் எந்தப் பகுதி தொடங்குகிறது என்ற குறிப்பு இருப்பது ஐஎஃப்ஓ என்ற குட்டி ஃபைல்களில். கடையில் விஓபியை மட்டும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள் அல்லது சாப்டரை விட்டுவிட்டு எம்பி4 ஆக மாற்றியிருப்பார்கள். டிவிடி இன்னும் இருக்கிறதல்லவா? அந்த ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்து, விஎல்சியில் ஃபோல்டராகவே திறந்தால் பழையபடி தாவும். ஒரே ஃபைலாக வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் சாப்டர் குறிகளைச் சேர்க்கும் கட்டத்தில் டிக் போட்டு மாற்றச் சொல்லுங்கள். கீறல் விழுவதற்குள் செய்துவிடுங்கள்.

"எங்கள் அம்மாச்சி தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 புயலைப் பற்றி அவர் பேசியதைப் போனில் இரண்டு மணி நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. நல்ல இடங்களை மட்டும் வெட்டித் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாமா?" – வாசகர், இராமேசுவரம்

வெட்டாதீர்கள் ஐயா. மூல ஃபைலில் கை வைக்கவே வேண்டாம். அதை இரண்டு வேறு வேறு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள், ஒன்று வீட்டில், ஒன்று சொந்தக்காரர் வீட்டில்.

பெரியவர்கள் பேச்சு நேர்க்கோட்டில் போகாது. டிசம்பர் 22 ராத்திரி கடல் ஏறினதைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் அந்த வருஷத்துக் கருவாட்டு விலைக்குப் போய், ஒரு மணி நேரம் கழித்து, அலையில் போன ரயிலுக்குத் திரும்புவார்கள். ரயிலைப் பற்றி ஒரே துண்டு வெட்டினால் அதைப் பற்றிப் பேசிய மற்ற இடங்கள் விட்டுப்போகும். எது நல்ல இடம் என்று இன்றைக்கு நாம் நினைப்பதும் நாளைக்குப் பேரப்பிள்ளை தேடுவதும் ஒன்றாக இருக்காது. அந்தப் புயலில் சேதமான பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் மறுபடி சீராக்கினார்கள் என்பதும், அதற்குத் தலைமை தாங்கியவர் ரயில்வே எஞ்சினியர் ஶ்ரீதரன் என்பதும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த 46 நாளும் உங்கள் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பது அம்மாச்சி வாயில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் வெட்டுவதற்குப் பதில் ஒரு குறிப்பு எழுதுங்கள். வீடியோவை ஓடவிட்டு, பேச்சு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, நேரத்தையும் ஒரு வரியையும் எழுதவேண்டும். இந்த மாதிரி:

0:04:10 – தனுஷ்கோடி வீடு, பக்கத்து வீட்டார் பேர்கள்
0:17:35 – புயலுக்கு முந்தின பகல், வாடைக்காற்று
0:31:00 – ரயில் (முதல் தடவை)
0:52:20 – கருவாடு, மாசிச் சம்பல், விலைவாசி
1:24:45 – ரயில் (மறுபடி), மண்டபம் முகாம்

வரியை அம்மாச்சி சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். அவர் 'வாடை' என்றால் வாடைதான், 'வடக்குக் காற்று' என்று திருத்தவேண்டாம். ஊர்ப் பேரை மட்டும் எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள், ஓரிடத்தில் தனுஷ்கோடி, ஓரிடத்தில் தனுக்கோடி என்று எழுதினால் தேடும்போது பாதிதான் அகப்படும். இந்தக் குறிப்பைக் கம்ப்யூட்டரில் அடித்து, வீடியோ இருக்கிற அதே ஃபோல்டரில், அதே பேரில் வையுங்கள். கன்ட்ரோல் 'எஃப்' போட்டு 'ரயில்' என்று தேடினால் எல்லா இடமும் வந்து நிற்கும்.

முக்கியமாக, அம்மாச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். பேச்சில் "நம்ம பெரியவுக" என்று வரும் இடத்தில் நிறுத்தி, எந்தப் பெரியவர் என்று கேளுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். என் கடைக்கு வரும் பழைய கேசட்டுகளில் படம் தெளிவாகத்தான் இருக்கிறது. இருப்பவர்கள் யார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

"மீன்பிடித் தடைக்காலத்தில் படகு இஞ்சின் வேலை பார்ப்பதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுகிறேன். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். பார்ப்பவர்கள் பாதியில் போய்விடுகிறார்கள்." – வாசகர், மண்டபம்

தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் எல்லாரும் படகைக் கரையேற்றிப் பராமரிக்கிற நேரம். உன் வீடியோவைத் தேடி வருகிறவன் கையில் கிரீஸோடு நிற்கிறான். அவனுக்கு முக்கால் மணியும் வேண்டாம், டீசல் லைனில் ஏர் எடுப்பது எப்படி என்ற மூன்று நிமிடம் போதும். வலை விட்ட இடத்தில் கொடி கட்டி மிதவை போடுகிற மாதிரி, அந்த இடத்தில் ஒரு குறி போட்டுக் கொடு.

வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் நேரமும் தலைப்பும் வரிவரியாக எழுதினால் யூடியூப் அதைச் சாப்டராக ஆக்கிக்கொள்ளும். முதல் வரி 00:00 என்றுதான் தொடங்கவேண்டும். குறைந்தது மூன்று வரி இருக்கவேண்டும். நேரம் ஏறுவரிசையில் போகவேண்டும். ஒரு சாப்டர் பத்து வினாடிக்குக் குறையக்கூடாது. இதில் ஒன்று தவறினாலும் சாப்டர் வராது. நிறையப் பேர் 00:00 போடாமல் விட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

தலைப்பில் 'பாகம் 1, பாகம் 2' என்று எழுதாதே. அவன் படகில் நின்று என்ன சொல்லிப் புலம்புவானோ அதை எழுது: "ஸ்டார்ட் ஆகி உடனே அணைகிறது", "கரும்புகை வருகிறது", "கியர் விழவில்லை". ஒரு இடத்தை மட்டும் யாருக்காவது அனுப்பவேண்டுமென்றால், கம்ப்யூட்டரில் ஷேர் அழுத்தி, தொடங்கும் நேரத்துக்கான கட்டத்தில் டிக் போட்டு, அந்த லிங்கை அனுப்பு.

"காட்சிகளைத் தானாகவே பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் உண்டா?" – வாசகர், தொண்டி

உண்டு. பைசீன்டிடெக்ட் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு படத்தையும் முந்தினதோடு ஒப்பிட்டு, திடீரென்று மாறுகிற இடத்தைக் காட்சி மாற்றம் என்று குறிக்கும். சினிமாவுக்கு நன்றாக வேலை செய்யும். கல்யாண மேடையில் போட்டோ ஃபிளாஷ் அடிக்கும்போதெல்லாம் அதையும் காட்சி மாற்றம் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. நிறுத்தாமல் எடுத்த கடல் வீடியோவில் மாற்றமே இல்லை என்று கைவிரிக்கும். முதல் சல்லடைக்கு வைத்துக்கொள்ளலாம், பேர் எழுதுவது உங்கள் வேலை.

"போனில் நூற்றுக்கணக்கான வீடியோ. எது எது என்றே தெரியவில்லை." – வாசகி, சாயல்குடி

பேரை மாற்றுவதுதான் ஒரே வழி அம்மா. வருஷம், மாதம், தேதி, அப்புறம் ஊர், விசேஷம் என்ற வரிசையில் வையுங்கள். வருஷம் முதலில் இருந்தால் தானாகவே வரிசைப்படும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் பேரில் இருக்கும் தேதியை நம்பவேண்டாம். அது உங்களுக்கு வந்து சேர்ந்த தேதி, எடுத்த தேதி இல்லை.

"சாப்டர் போட்டுக் கொடுத்த வீடியோ டிவியில் பென் டிரைவ் செருகினால் தாவுவதில்லை." – வாசகர், ஏர்வாடி

பல டிவிகளில் இருக்கும் பிளேயர் சாப்டரைப் படிப்பதில்லை. டிவிக்கென்று தனியாக ஒரு நகல் எடுத்து, அதை லாஸ்லெஸ்கட் மென்பொருளில் பகுதி பகுதியாகப் பிரித்து, பேரின் முன்னால் 01, 02 என்று எண் போட்டு வையுங்கள். அது மறுபடி சுருக்காமல் வெட்டுவதால் தரம் குறையாது. ஆனால் வெட்டு கீஃபிரேமில்தான் விழும் என்பதால் தொடக்கத்தில் ஓரிரு வினாடி முன்னே பின்னே இருக்கும். சாப்டர் போட்ட ஃபைலை அழித்துவிடாதீர்கள்.