சப்பைத் தலையோடு வளர்ந்த பிள்ளைகள்: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

கைக்குழந்தையின் தலை ஒரு பக்கம் சப்பிப்போவது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் இப்போது எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைப் பற்றியவை. "அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டோம், இனி என்ன ஆகும்?" என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பயம். பலரும் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகளுக்கு 6 வயது. குறைமாதத்தில் பிறந்தவள். பின்தலையில் வலப்பக்கம் சப்பையாக இருக்கிறது, வலது காதும் கொஞ்சம் முன்னால் தள்ளி நிற்கிறது. படிப்பில் சுமார்தான். தலை இப்படி இருப்பதால் மூளை வளரவில்லை என்கிறார்கள். உண்மையா? (தக்கலை)

உண்மை இல்லை. ஒரே பக்கமாகக் கிடந்து சப்பிய தலையில் மூளைக்கான இடம் குறைவதில்லை. ஒரு பக்கம் அமுங்கினால் அந்த அளவுக்கு மற்ற இடம் புடைத்துக்கொள்ளும். சப்பிய பக்கத்துக் காதும் நெற்றியும் சேர்ந்து முன்னால் வந்திருப்பது, இது வெறும் அழுத்தத்தால் வந்த வடிவம் என்பதற்கான அடையாளம். டாக்டர்கள் இதை பொசிஷனல் பிளேஜியோசெஃபாலி என்பார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு மண்டை ஓடு இன்னும் இளசு, கழுத்துக்கும் பலம் குறைவு. அதனால் அவர்களிடம் இது கூடுதலாக வரும்.

ஆனால் உங்கள் கேள்வியை இத்தோடு முடித்துவிட எனக்கு மனமில்லை. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சப்பைத் தலை இருந்த குழந்தைகளைப் பள்ளி வயதில் மறுபடியும் சோதித்துப் பார்த்தார்கள். லேசான சப்பை இருந்தவர்களுக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் வித்தியாசமில்லை. நடுத்தரமாகவும் அதிகமாகவும் சப்பி இருந்தவர்கள் மட்டும் அறிவுத்திறன், படிப்புச் சோதனைகளில் சராசரியாகச் சற்றுக் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். இதைப் படித்துவிட்டுத் தலைதான் படிப்பைக் கெடுத்தது என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. எனக்குப் படுவது இதற்கு நேர்மாறு. தசை பலம் குறைந்த, மெதுவாக அசைகிற குழந்தைதான் வைத்த இடத்தில் வைத்தபடி கிடக்கும். அப்படிக் கிடப்பதால்தான் தலை சப்பும். வளர்ச்சியில் இருக்கும் ஒரு சின்னத் தாமதம் முதலில் தலையில் தெரிகிறது, சில வருடம் கழித்துப் படிப்பில் தெரிகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் அல்ல.

ஆகவே தலையை விட்டுவிட்டு மகளைப் பாருங்கள். குறைமாதத்தில் பிறந்து, படிப்பிலும் பின்தங்கினால், தலை உருண்டையாக இருந்தாலும் நான் இதையே சொல்வேன்: கண் பார்வை, காது கேட்கும் திறன் இரண்டையும் சோதியுங்கள். எழுத்துக் கூட்டுவது, கணக்கு, பென்சில் பிடிப்பது, ஒரு காலில் நிற்பது இவற்றில் எங்கே தடுமாறுகிறாள் என்று குழந்தை வளர்ச்சி தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் பிறந்தது முதல் 18 வயது வரை இந்தப் பரிசோதனை இலவசம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு இதற்காகத்தான் வருகிறது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் கேட்கலாம். 6 வயதில் கண்டுபிடித்தால் செய்ய நிறைய இருக்கிறது.

பையனுக்கு 4 வயது. பின்தலை பலகை மாதிரி இருக்கிறது. எங்கள் ஊர் வர்ம ஆசானிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டுத் தடவினால் சரியாகும் என்று மாமனார் சொல்கிறார். போகலாமா? (குலசேகரம்)

நம் குமரி மாவட்டத்தில் ஆசான்மார் மேல் ஜனங்களுக்கு இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும், அதைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் 4 வயதுத் தலையைக் கையால் உருட்ட முடியாது. மண்டை எலும்புகள் சேரும் இடங்கள் அதற்குள் பல்லோடு பல் கோத்த மாதிரி இறுகியிருக்கும். உச்சிக்குழியே பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடுகிறது. எண்ணெய் தேய்ப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, பிள்ளை சுகமாகத் தூங்கும். ஒன்றே ஒன்று, சுளுக்கு எடுப்பது போலக் கழுத்தை வெட்டித் திருப்ப யாரையும் விடாதீர்கள். மாமனாரிடமும் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

அண்ணன் துபாயில் இருக்கிறார். அங்கே தலையைச் சரிசெய்யும் ஹெல்மெட் கிடைக்கிறதாம். என் மகளுக்கு 3 வயது. வாங்கி அனுப்பச் சொல்லவா? (கருங்கல்)

வேண்டாம். அந்த ஹெல்மெட் தலையை அழுத்திச் சரிசெய்வதில்லை. புடைத்த பக்கத்தைத் தடுத்து, சப்பிய பக்கத்தில் வளர இடம் விடுகிறது. அதனால் தலை வேகமாக வளரும் முதல் வருடத்தில்தான் அதற்கு வேலை. 3 வயதில் மாட்டினால் வியர்க்குரு வரும், அவ்வளவுதான்.

சரியான வயதில் மாட்டினாலும் பலன் எவ்வளவு என்பதே விவாதம்தான். நெதர்லாந்தில் 5, 6 மாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஹெல்மெட் மாட்டி, மறு குழுவைச் சும்மா விட்டார்கள். 2014-ல் முடிவு வந்தது. 2 வயதில் தலை முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் குழுவில் 26 சதவீதம், சும்மா விட்டதில் 23 சதவீதம். மிக மோசமான சப்பை உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட கைக்குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டுமா என்பதை டாக்டர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

9 வயது மகன் எப்போதும் தலையை இடப்பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறான். போட்டோவில் நன்றாகத் தெரிகிறது. சின்ன வயதில் தலை சப்பி இருந்தது. அதனால் வந்த பழக்கமா? (மார்த்தாண்டம்)

பழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். வந்த கடிதங்களில் நான் உடனே பதில் போட்டது இதற்குத்தான்.

இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும். ஒன்று, பிறந்ததிலிருந்தே கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகி இருப்பது. காதுக்குப் பின்னாலிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை அது. அது இறுகினால் தலை அந்தப் பக்கம் சாயும், முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பும். குழந்தை ஒரே பக்கம் பார்த்துக் கிடந்து தலை சப்புவதற்கும் பல நேரம் இதுதான் மூலம். முதல் சில மாதங்களில் பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலும் அதிலேயே சரியாகும். 9 வயதிலும் இறுகி நின்றால் முகத்தின் ஒரு பாதி சிறுத்துப்போகலாம், அறுவை சிகிச்சை பற்றி எலும்பு டாக்டரிடம் பேச வேண்டி வரலாம்.

இன்னொன்று கண். கண்ணைச் சுழற்றும் தசைகளில் ஒன்று பலமிழந்தால் பார்ப்பது இரண்டிரண்டாகத் தெரியும். தலையைச் சாய்த்தால் ஒன்றாகத் தெரியும் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடும். கழுத்தைத் தடவினால் கயிறு மாதிரி எதுவும் தட்டுப்படவில்லை, தலையை இரண்டு பக்கமும் சுலபமாகத் திருப்ப முடிகிறது என்றால் கண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும். குழந்தைகளின் மாறுகண் பார்க்கும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். சாய்வு புதிதாக வந்தது என்றாலோ, கூடவே வாந்தி, தலைவலி, நடையில் தள்ளாட்டம் இருந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

தலை சப்பை என்று கண்ணாடி கோணலாக நிற்கிறது. (நாகர்கோவில்)

காது முன்னும் பின்னுமாக இருப்பதால் அப்படி நிற்கும். கண்ணாடிக் கடையில் பிரேமின் ஒரு காலை வளைத்துத் தருவார்கள். வேறு வைத்தியம் வேண்டாம்.

மகனுக்கு 7 வயது. தலை முன்னும் பின்னுமாக நீண்டு, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கிறது. உச்சியில் தடவினால் வரப்பு மாதிரி கைக்குத் தட்டுப்படுகிறது. இதுவும் படுத்துக் கிடந்ததால் வந்ததா? (குளச்சல்)

இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மண்டை எலும்புகள் சேரும் கோடுகளில் ஒன்று காலத்துக்கு முன்பே ஒட்டிப்போனால் தலை இப்படி வளரும். இதற்கு கிரேனியோசினோஸ்டோசிஸ் என்று பெயர். 2000 அல்லது 2500 குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. உச்சியில் முன்பின்னாக ஓடும் கோடு ஒட்டுவதுதான் இதில் அதிகம். கிடந்ததால் சப்பிய தலை வயது ஏற ஏற மட்டுப்படும். இது மட்டுப்படாது.

வழக்கமாக இதற்கு முதல் வயதிலேயே அறுவை சிகிச்சை செய்வார்கள். 7 வயதில் முதல் கேள்வி, மூளைக்கு அழுத்தம் இருக்கிறதா என்பது. காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், படிப்பில் திடீர்ச் சறுக்கல் உண்டா என்று கவனியுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உள்நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே வீக்கம் இருந்தால் அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு குழந்தைகளுக்கான நரம்பு அறுவை நிபுணரைப் பாருங்கள். நம் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அதிகம். சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று அவரே முடிவு செய்யட்டும். நீங்களாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பிள்ளைக்கு வீண் கதிர்வீச்சு.

மகளுக்கு 12 வயது. இன்னும் பின்தலை தட்டையாகத்தான் இருக்கிறது. முடி பின்னும்போதெல்லாம் அழுகிறாள். இனி மாறாதா? (இரணியல்)

இந்த வயதில் இனி பெரிதாக மாறாது, அவளிடம் பொய் சொல்ல வேண்டாம். நியூசிலாந்தில் தலை சப்பிய குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து பார்த்ததில், 3, 4 வயதுக்குள் 61 சதவீதத் தலை அளவுகள் இயல்புக்குத் திரும்பின. 4 சதவீதம் மட்டும் கடுமையாகவே நின்றன. அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரை உள்ளவர்களைப் பார்த்தபோது, நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான் சப்பை தெரிந்தது. அந்த இரண்டில் உங்கள் மகள் ஒருத்தி. அது நோய் இல்லை, தலைவலிக்கோ மறதிக்கோ காரணமும் இல்லை. இறுக்கி இரட்டைச் சடை போடுவதைவிடக் கொஞ்சம் தளர்வாக உயர்த்திக் கட்டினால் தெரியாது. வகுப்பில் யாராவது பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் டீச்சரிடம் பேசுங்கள். வீட்டில் வருகிற சொந்தக்காரர்கள் தலையைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். பல நேரம் அதுதான் பெரிய காயம்.

மூத்தவனுக்குத் தலை சப்பிவிட்டது. இப்போது இரண்டாவது பிள்ளைக்கு 1 மாதம். குப்புறப் படுக்கவைத்தால் சப்பாது என்கிறார் அம்மா. (முட்டம்)

தூங்கும்போது மல்லாக்கத்தான். குப்புறத் தூங்கும் குழந்தை தூக்கத்திலேயே திடீரென்று இறந்துபோகும் ஆபத்து கூடுதல். 1990-களில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்ன பிறகு அமெரிக்காவில் அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே குறைந்தன. சப்பைத் தலைகள் கூடியதும் அப்போதுதான், ஆனால் அது தாங்கக்கூடிய விலை.

விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் குப்புறப் போடலாம். அதில் அம்மா சொல்வது சரி. இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். குழந்தை வெளிச்சம் வரும் பக்கமும் ஆள் நடமாடும் பக்கமும்தான் திரும்பும், அதனால் இன்று தலை வைத்த பக்கம் நாளைக்குக் கால் வரட்டும். கடுகுத் தலையணை, துணி வளையம் எதுவும் வேண்டாம். சேலைத் தொட்டிலில் நாள் முழுக்கப் போடாதீர்கள். 2 மாதம் ஆகியும் ஒரு பக்கம் மட்டுமே திரும்புகிறான் என்றால் தடுப்பூசிக்குப் போகும்போது கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.