சாயக்கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க போர் தண்ணீரை எப்படிப் பிடித்து லேபுக்குக் கொடுப்பது?

நீங்கள் கேட்டது ஒரத்துப்பாளையம் பக்கத்துத் தோட்டத்து போர் பற்றி. திருப்பூர் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றோரம் என்றால் சந்தேகம் நியாயமானதுதானுங்க.

மேல்தொட்டிக் குழாயில் பிடிக்காதீங்க, போர் வாயிலேயே பிடிங்க. அதற்கு முன் மோட்டாரை ஓட விடுங்க. குழாயில் தேங்கிக் கிடந்த பழைய தண்ணீர் போய், டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) ஒரே அளவில் நிற்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

உப்பு, கடினத்தன்மைக்குச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று தடவை அலசி நிரப்பலாம். கன உலோகத்துக்கு லேபில் நைட்ரிக் அமிலம் விட்டுத் தரும் பாட்டிலை அலசவே கூடாது, அமிலம் போய்விடும். கிருமிச் சோதனைக்கான பாட்டிலையும் அலசக் கூடாது.

தேதி, நேரம், போர் ஆழம் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் அன்றைக்கே சேர்த்துவிடுங்க. மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோனால் சில லேபில் வாங்கவே மாட்டாங்க.

ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை பார்ப்பது நல்லது.