மழை கொட்டியும் பாரமானி முள் நகரவில்லையா?

கேள்வி: கடலூரில் கடற்கரையை ஒட்டி வீடு. ஆன்லைனில் பித்தளை அனிராய்டு பாரமானி (காற்றழுத்தத்தை முள்ளால் காட்டும், பாதரசம் இல்லாத கருவி) ஒன்று வாங்கினேன். முள் 'சேஞ்ச்' (மாற்றம்), 'ஃபேர்' (தெளிந்த வானிலை) இரண்டுக்கும் நடுவிலேயே நிற்கிறது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தபோதும் 'ரெயின்' பக்கம் போகவில்லை. விற்றவரோ, "கேலிபரேஷன் போய்விட்டது, அனுப்புங்கள், 2,500 ரூபாய் ஆகும்" என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. கோளாறு முகப்பில் எழுதியிருக்கும் வார்த்தைகளில்.

அவை இங்கிலாந்து வானிலைக்காக எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ஒரே வாரத்தில் காற்றழுத்தம் 30, 40 மில்லிபார் (அழுத்தத்தின் அலகு) ஏறி இறங்கும். முகப்பில் 'ரெயின்' இருப்பது பாதரச அளவில் 29 அங்குலத்தில், அதாவது சுமார் 982 மில்லிபாரில். நம் கரையில் ஜனவரியில் சராசரி 1013 வாக்கில் இருக்கும், ஜூனில் 1004 வாக்கில். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்ய 1009 இருந்தாலே போதும். உங்கள் முள் 982-ஐத் தொட வேண்டுமானால் கடும்புயலின் மையம் உங்கள் தெருவழியாகப் போக வேண்டும். அந்த வார்த்தைகளை மறந்துவிட்டு எண்ணை மட்டும் பாருங்கள். (மில்லிபாரும் ஹெக்டோபாஸ்கலும் ஒன்றுதான்.)

கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் காசு வேண்டாம். பெரிய ஜிப் பைக்குள் கொஞ்சம் காற்றோடு வைத்து மூடி, பையை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். முள் ஏற வேண்டும், கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வர வேண்டும். அசையவே இல்லையென்றால் முள்ளை இழுக்கும் சங்கிலி துருப்பிடித்திருக்கும், இல்லை அழுத்தத்துக்கு ஏற்ப நெளியும் வெற்றிடப் பெட்டிக்குள் காற்று புகுந்திருக்கும், இல்லை நீங்கள் வாங்கியது வெறும் அலங்காரப் பொருள். அப்போதும் சர்வீசுக்கு அனுப்பாதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

எண்ணைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. காற்றடிக்காத நாளில், பக்கத்து விமான நிலையத்தின் மெட்டார் அறிக்கையை (விமானிகளுக்காக வெளியிடும் வானிலைக் குறிப்பு) எடுங்கள். கியூ என்ற எழுத்தையடுத்து நாலு இலக்கம் இருக்கும். அதுதான் கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தம். கருவியின் கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டுங்கள். பின்பக்கத் துளையில் தெரியும் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, மறுபடி தட்டிப் பாருங்கள். எண் பொருந்தியதும் விட்டுவிட்டு, மறுநாள் இன்னொரு முறை ஒப்பிடுங்கள். எண்ணெய் விடவே கூடாது. தூசி ஒட்டிச் சங்கிலி சிக்கிக்கொள்ளும். வீட்டுக்குள் மாட்டினால் போதும், அழுத்தம் உள்ளேயும் வெளியேயும் ஒன்றே. வராந்தாவில் மாட்டினால் உப்புக்காற்று தின்றுவிடும்.

கடலூரில் எடுக்கும் அளவே இதற்கு இன்னும் பொருத்தம். ஆனால் அதைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். டிவியில் நாள் முழுக்க 'மூன்றாம் எண் புயல் கூண்டு' ஓடுகிறது. நேற்றைக்கு இன்று எத்தனை மில்லிபார் இறங்கியிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

பார்க்க வேண்டியதே அந்த இறக்கத்தைத்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்தில் அழுத்தம் தினமும் காலை பத்து மணி வாக்கில் உச்சத்துக்குப் போய், மாலை நாலு மணிக்குள் 3, 4 மில்லிபார் இறங்கும். இரவு பத்துக்கு மறுபடி ஏறும். மாலையில் பார்த்துப் புயல் என்று பயப்படுகிறவர்கள் ஏராளம். ஆகவே தினமும் ஒரே நேரத்தில், காலை 8.30 என்று வைத்துக்கொண்டு, குறித்து வையுங்கள். அந்த மாதத்தின் வழக்கமான அளவைவிட 3 மில்லிபார் குறைந்தால் சந்தேகப்படலாம். 5 குறைந்தால் அருகில் எங்கோ புயல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் பின்பற்றும் கணக்கு இது. (இடைத்தேர்தல் முடிவை 'மக்கள் மனநிலையின் பாரமானி' என்று எழுதும் பத்திரிகைகளும் முள் நிற்கும் இடத்தைத்தான் பார்க்கின்றன, போன தடவை எங்கே நின்றது என்று பார்ப்பதில்லை.)

இனி விற்பவர்கள் விஷயம். கேலிபரேஷன் என்றால் பல அழுத்தங்களில் உங்கள் கருவி காட்டிய எண், ஒப்பீட்டுக் கருவி காட்டிய எண், பிழை எவ்வளவு என்று அட்டவணை தர வேண்டும். அட்டவணை இல்லாமல் முத்திரை மட்டும் குத்திய சான்றிதழ் வெறும் காகிதம். அவர்கள் செய்யப்போவதும் அதே திருகைத் திருப்புவதுதான். கற்பூரக் கரைசல் அடைத்த கண்ணாடிக் குடுவையை 'புயல் காட்டி' என்று விற்பது இதைவிட மோசம். மூடி முத்திரையிட்ட குடுவைக்கு வெளிக்காற்றின் அழுத்தம் எப்படித் தெரியும்? வெப்பம் மாறினால் படிகம் மாறும், அவ்வளவுதான்.

நான் சொன்ன திருகு வைத்தியம் மலையூர்களுக்குப் பொருந்தாது. அடிவாரத்தில் எட்டு மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் குறையும். கோயம்புத்தூர் 400 மீட்டர் வாக்கில் இருப்பதால் கடல்மட்ட அளவுக்கும் அங்கே நிஜமாக இருக்கும் அழுத்தத்துக்கும் 45 மில்லிபார் வித்தியாசம், அதைத் திருகு தாங்கும். பெங்களூர் 900 மீட்டருக்கும் மேல், அங்கே வித்தியாசம் நூறு மில்லிபார், பல கருவிகள் அதிலேயே திணறும். ஏற்காட்டில் நிஜ அழுத்தமே சுமார் 850. முகப்பு 960-இல்தான் தொடங்குகிறது. முள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். விற்றவர் 'கேலிபரேட் பண்ணினால் சரியாகிவிடும்' என்பார், நம்பித் திருகினால் சங்கிலி கழன்று கையோடு வரும். ஊட்டி, கொடைக்கானலில் இருக்கும் உறவினருக்கு இதையே பரிசாக அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உயரமான ஊர்களுக்கென்றே தயாரிக்கும் அனிராய்டு தனியாகக் கிடைக்கிறது. எத்தனை மீட்டர் உயரம் வரை சரிசெய்யலாம் என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பணம் கட்டுங்கள்.