ஜவுளிக்கடை அப்பா, கலை வரலாறு கேட்கும் மகன்

ஐயா, பிளஸ் டூ முடித்த பையன் கலை வரலாறுதான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறான், கேட்டால் "திரெத்தியாகோவும் ஜவுளி வியாபாரிதானே" என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் சொல்வது சரிதான், ஆனால் பாதிக் கதை.

மாஸ்கோவில் புகழ்பெற்ற ஓவியக்கூடத்தை உருவாக்கிய வணிகர் பாவெல் திரெத்தியாகோவுக்கு வீட்டிலேயே பாடம். சின்ன வயதிலிருந்தே அப்பாவின் கடையில் வேலை. 1856-இல் ரஷ்ய ஓவியங்கள் வாங்க ஆரம்பித்தார். அதற்காகத் தொழிலை விடவில்லை. 1866-இல் தம்பியோடும் கூட்டாளிகளோடும் கொஸ்த்ரோமாவில் லினன் ஆலை தொடங்கினார். படம் வாங்குவதிலும் வியாபாரிதான்: கண்காட்சி திறக்கும் முன்பே ஓவியரின் இடத்துக்குப் போய்ப் பார்த்து, விலை பேசி முடித்துவிடுவார். எழுத்தாளர்களின் உருவங்களைச் சொல்லிவைத்து வரையச் செய்தார். தஸ்தயெவ்ஸ்கியை 1872-இல் ஓவியர் பெரோவ் வரைந்தார். தல்ஸ்தோய் மட்டும் பிடிகொடுக்கவில்லை. 1873-இல் ஓவியர் கிராம்ஸ்கோய் நேரில் போய்ப் பேசித்தான் உட்கார வைத்தார். 1892-இல் தம்பியின் சேகரிப்பையும் சேர்த்து, கட்டடத்தோடு மாஸ்கோ நகருக்கே எழுதிக்கொடுத்தார். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கும் அள்ளிக் கொடுத்தவர்.

ஆனால் அவர் படம் வாங்கியவர், சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இல்லை. உங்கள் பையன் கேட்பது படத்தைக் காப்பது, பட்டியலிடுவது, காட்சிக்கு வைப்பது மாதிரியான வேலை. இடங்கள் குறைவு, ஆரம்பச் சம்பளமும் சுமார்தான்; அதை அவனிடம் மறைக்காதீர்கள். "முதலில் பி.காம்., அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படிப்பவன் கடைக்கும் உதவமாட்டான்.

பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றை இளநிலையிலேயே படிக்கலாம். முதுநிலைக்கு நொய்டாவில் இந்தியப் பாரம்பரிய நிறுவனம் இருக்கிறது. கலை வரலாறு, அருங்காட்சியகவியல், பழம்பொருள் பாதுகாப்பு மூன்றும் அங்கே உண்டு.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை. எழும்பூர் அருங்காட்சியக வெண்கலக் கூடத்துக்கு அனுப்புங்கள். பத்துச் சிலைகளைப் பற்றி, சிலைக்கு ஒரு பக்கம் எழுதட்டும்: காலம், ஊர், கையில் என்ன, எங்கே தேய்ந்திருக்கிறது. நாலாவது சிலையிலேயே சலித்துப்போனால் அவனுக்கே புரிந்துவிடும். பத்தையும் முடித்து இன்னும் வேண்டும் என்றால், பரோடா விண்ணப்பத்தை இருவரும் சேர்ந்தே நிரப்புங்கள். விடுதிச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.