திரையை அணைத்துவிட்டு வாங்குங்கள்

கேள்வி: தம்பிக்கு 24 வயது. இரண்டு வருசமாகப் பார்வை சுத்தமாக இல்லை. கம்ப்யூட்டர் பழகிக்கிட்டா வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்கிறான். கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில் ‘பார்வையில்லாதவங்களுக்கான ஸ்பெஷல் கம்ப்யூட்டர், பேசுற சாஃப்ட்வேரோட 78 ஆயிரம்’ என்றார்கள். வாங்கலாமுங்களா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: வேண்டாமுங்க. தம்பிக்குத் தேவை எல்லோரும் வாங்குகிற சாதாரண லேப்டாப்தான். பேசுவது அதில் ஓடும் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்றவர்கள் 2006-ல் தொடங்கியது அது. காசு கொடுத்து வாங்குவது ஜாஸ். நல்ல மென்பொருள்தான். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் போட்டால் 40 நிமிடம் ஓடி நின்றுவிடும்; கம்ப்யூட்டரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் இன்னொரு 40 நிமிடம். கடையில் பேசிக் காட்டுவதற்கு இது தாராளம்! அதனால் ‘சாஃப்ட்வேரோடு சேர்த்த விலை’ என்றால் அதன் பெயர் என்ன, லைசென்ஸ் யார் பெயரில், எத்தனை வருடத்துக்கு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இழுத்தால் கிளம்பிவிடுங்கள்.

8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் இல்லாத பழைய மெஷின் மெதுவாக ஓடும், வேண்டவே வேண்டாம். கீயை அழுத்தியதும் பேச்சு வராவிட்டால், அழுத்தவில்லையோ என்று தம்பி இன்னொரு தடவை அழுத்துவார். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துச் செய்து வேறெங்கோ போய் நிற்கும். பழகும்போது பாதிக் குழப்பம் இதனால்தான். செகண்ட் ஹேண்ட் எடுப்பதானால், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-டன் முடிந்துவிட்டது என்பதை மறக்காதீர்கள். விண்டோஸ் 11 ஏற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். டச் ஸ்கிரீன், கிராஃபிக்ஸ் கார்டு என்று தலையில் கட்டப் பார்த்தால், அந்தக் காசில் வேறு இரண்டு சாமான் வாங்குங்கள்.

முதலாவது, நம்பர் பேட் உள்ள வயர் கீபோர்டு. என்விடிஏ-வுக்கு இன்சர்ட் கீதான் உயிர். பல லேப்டாப்பில் அது வேறொரு கீயோடு ஒட்டிக் கிடக்கும். கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் நம்பர் பேடில் 7, 8, 9 வரி வரியாக, 4, 5, 6 வார்த்தை வார்த்தையாக, 1, 2, 3 எழுத்தெழுத்தாகப் படிக்கும் வசதி வேறெதிலும் வராது. நம்பர் லாக் (Num Lock) அணைந்திருக்க வேண்டும். இரண்டாவது, வயர் ஹெட்செட். புளூடூத் ஹெட்செட் சத்தம் வராதபோது தூங்கிப்போய், பேச்சு தொடங்கியதும் முதல் அசையை விழுங்கிவிடும். ‘சேமிக்கவா’ என்பது ‘மிக்கவா’ என்று கேட்கும்.

என்விடிஏ-வை பென்டிரைவில் போர்ட்டபிளாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்படி போட்டுக் கடைக்கே கொண்டுபோங்கள். திரை வெளிச்சத்தை அடியோடு குறைத்துவிட்டுத் தம்பியை உட்கார வைத்து, இன்சர்ட்டோடு ‘என்’ (N) கீயை அழுத்தச் சொல்லுங்கள், மெனு பேச வேண்டும். அடுத்து ஏதாவது ஃபைலைத் திறந்து இன்சர்ட்டோடு கீழ் அம்புக்குறி. விடாமல் படிக்க வேண்டும். நீங்கள் பார்த்துச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

தமிழுக்கு என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் குரல் தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் ஸ்பீச் போய்த் தமிழ்க் குரலைச் சேருங்கள். ‘வள்ளுவர்’ என்ற பெயரில் வரும். பிறகு இன்சர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸின் சொந்தக் குரல்களான விண்டோஸ் ஒன்கோரைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் சில ஃபைல் உளறினால் குற்றம் குரலில் இல்லை, எழுத்துருவில். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘அம்மா’வை எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘எம், கே, செமிகோலன், கே, ஹெச்’ என்றுதான் வரும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

காசு கட்டும் முன் ஈரோடு கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வருமானச் சான்றோடு போய்வாருங்கள். மத்திய அரசின் அடிப் திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உபகரணம் இலவசம், 30,000 வரை பாதி விலை. எந்தெந்தக் கருவி கிடைக்கும் என்று அங்கேயே கேட்டுவிடலாம்.

கேள்வி: பார்வைக் குறைபாடுள்ள என் மகளை 12 ஆயிரம் கட்டி மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்தேன். ஸ்கிரீன் ரீடர் சொல்லித் தருவோம் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். ஒரு மாதமாகியும் ‘இங்க கிளிக் பண்ணு’ என்றே பாடம் நடக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்டால் சிரிக்கிறார்கள். (வாசகர், திருப்பூர்)

பதில்: மவுஸ் வைத்து நடத்துவது உங்கள் மகளுக்கான பாடமே இல்லை. நோட்டீஸில் சொன்னதைச் செய்யாதது சேவைக் குறைபாடு. நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் போட்டு, அது போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தை வாங்கி வையுங்கள். இதற்கிடையே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் போடுங்கள். அசையாவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ‘நாங்கள் கல்வி நிறுவனம், நுகர்வோர் சட்டம் எங்களுக்கு வராது’ என்பார்கள். கோச்சிங் மையங்களை அப்படிக் கருத முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது.

அடுத்த இடத்தில் பணம் கட்டும் முன், மவுஸைக் கழற்றிவிட்டு எக்செல்லில் ஒரு கூட்டல் போட்டுக் காட்டுங்கள் என்று ஆசிரியரிடமே கேளுங்கள். பனியன் கம்பெனி வேலைக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும் என்றால் அதையும் ஸ்கிரீன் ரீடரோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்தையும் படம்போலத் தானே வரைந்து திரையில் காட்டும் மென்பொருளில் ஸ்கிரீன் ரீடருக்கு எழுத்தே கிடைக்காமல் போகலாம்.

கேள்வி: எனக்கு இடது கை மட்டும்தான் வேலை செய்யும். ஒரு கை கீபோர்டு என்று ஆன்லைனில் பெரிய விலைக்கு விற்கிறார்கள். அவசியமா? (வாசகி, கரூர்)

பதில்: முதலில் ஷிஃப்டை ஐந்து தடவை தட்டுங்கள். ஸ்டிக்கி கீஸ் வரும், சரி என்று கொடுங்கள். அதன்பின் கண்ட்ரோலைத் தட்டி, கையை எடுத்து, சி-யைத் தட்டினால் காப்பி ஆகிவிடும். தமிழுக்குத் தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுங்கள். ஸ, ஷ, ஜ, ஹ மாதிரியானவை தவிர எதற்கும் ஷிஃப்ட் வேண்டாம். வீட்டில் வேறு யாராவது உட்கார்ந்து இரண்டு கீயைச் சேர்த்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் தானாக அணைந்துவிடும். செட்டிங்ஸில் அந்த ஒரு டிக்கை எடுத்துவிடுங்கள்.