பழைய மில்லின் பென்ஷன் பணத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் நூற்பாலையில் வேலை செய்கிறேன். வயது 48. முதல் மில்லில் 8 வருடம், இப்போதைய மில்லில் 9 வருடம். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி சேர்த்து 14,000 ரூபாய். பி.எஃப். பென்ஷன் அரசாங்கம் போடும் உதவித்தொகைதான், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள். பாஸ்புக்கிலும் அதற்கு வட்டி ஏறவில்லை. பழைய மில் பணத்தை 10சி படிவம் போட்டு எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்.

இது உதவித்தொகை இல்லை. உங்களுக்காக மில் கட்டும் 12 சதவீதத்தில், சம்பளத்தின் 8.33 சதவீதம், மாதம் 1,166 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போகிறது. மத்திய அரசு சேர்ப்பது 1.16 சதவீதம், 162 ரூபாய்தான். உங்கள் உழைப்பில் வந்த பணம் இது.

வட்டிக்கணக்கு பார்த்துப் பழகிய ஊரில் உங்கள் சந்தேகம் நியாயமே. ஆனால் இந்தப் பென்ஷனை வட்டி வைத்துக் கணக்கிடுவதில்லை. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். 20 ஆண்டு முடித்தவருக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேரும். இரண்டு மில்லையும் சேர்த்தால் 58 வயதில் உங்களுக்கு 27 ஆண்டு, கூடுதலோடு 29. இதே சம்பளத்தில் மாதம் 5,800 ரூபாய் வரை. பழைய 8 ஆண்டு விட்டுப்போனால் 19 ஆண்டுதான். கூடுதல் 2 ஆண்டும் போய் 3,800 ஆகிவிடும். ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளத்துக்காக ஆயுள் முழுக்க மாதம் 2,000 ரூபாய் வரை இழக்கலாமா?

மொத்தச் சேவை 10 ஆண்டைத் தாண்டினால் பென்ஷன் பணத்தை எடுக்க விதியும் இடம் தராது. கணக்குகள் தனித்தனியாக நிற்பதால்தான் எடுக்கலாம் போலத் தெரிகிறது. யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் சேவை விவரத்தைப் பாருங்கள். பழைய மில்லில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்க வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் இங்கேதான் சிக்கும். சரிசெய்து, கணக்கு மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். மாற்றியபின் பென்ஷன் பத்தியில் பழைய தொகை தெரியாவிட்டால் பதற வேண்டாம். சேவை ஆண்டுகள் வந்தனவா என்பதே முக்கியம்.

குறையும் உண்டு. விலைவாசி ஏறினாலும் இந்தப் பென்ஷன் ஏறாது. அதனால் பி.எஃப். தொகையில் கை வைக்காதீர்கள். 50 வயதிலேயே பென்ஷன் வாங்கலாம், ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். 58-இல் பென்ஷன் கேட்டு 10டி படிவம் கொடுங்கள். பிறகு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். சான்று கொடுத்ததும் நிலுவையோடு வரும்.